ஒரு டின் நல்ல தண்ணீர்

மெர்சிங் ஆற்றின் முகத்துவாரத்தை விட்டுப் படகு வெளியே வந்தபோது இன்னும் விடியவில்லை. ஆற்றுநீர் வடியத் தொடங்கியதும் கிளம்பிவிட வேண்டும், தாமதித்தால் மணல்திட்டில் தட்டிவிடும் என்று படகுக்காரர் முதல் நாள் மாலையே சொல்லியிருந்தார். அதனால் நாங்கள் இரவைப் படகிலேயே கழித்திருந்தோம். நாங்கள் என்றால் என் அக்கா, அவளுடைய ஒன்றரை வயதுப் பையன், அக்காவின் கணவர், நான். மாமாவும் நானும் பாய்மரப் படகில் ஏறுவது அதுதான் முதல் தடவை. அக்கா கடலைப் பார்ப்பதே அன்றுதான் முதல் தடவை. ஆனால் அவள் கடலைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த குழந்தையின் முகத்தை விட்டு அவள் கண் அகலவில்லை.

படகு பெரியதில்லை. நடுவில் ஓலைக் கூரை வேய்ந்த ஓர் இடம், அதற்குள் நிமிர்ந்து உட்கார முடியாது. முன்பக்கம் முழுக்கப் பிரம்புக் கட்டுகளும் கருவாட்டுக் கூடைகளும். பின்னால் சுக்கானைப் பிடித்தபடி படகுக்காரர், வயதான மலாய்க்காரர். பாயைக் கவனிக்க அவருடைய தம்பி. அவருக்கும் தலை நரைத்திருந்தது. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதே அபூர்வம். ஒருவர் கையைத் தூக்கினால் மற்றவர் கயிற்றைத் தளர்த்துவார், அவ்வளவுதான்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. நாங்கள் வேலை செய்த தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் யாழ்ப்பாணத்துக்காரர். தமக்குத் தெரிந்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. இஞ்ச வச்சிருந்தா நான் பொறுப்பில்லை. போற வழியில தண்ணிய மட்டும் நிப்பாட்டாதேங்கோ. கொதிக்க வச்ச தண்ணி, குடிக்கக் குடிக்கக் குடுங்கோ."

கப்பல் முந்தின நாள்தான் போயிருந்தது. அடுத்த கப்பல் வர ஒரு வாரம் ஆகும். காட்டை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்த ரோடு பாதியில் நின்றது. கருவாடு ஏற்றிக்கொண்டு தெற்கே போகும் இந்தப் படகைக் கடைத்தெருவில் விசாரித்துப் பிடித்தவன் நான்தான். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணிக்குக் கீழே சின்ன வேலையில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். ஆஸ்பத்திரி, டாக்டர், மருந்து என்றால் என் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு இருக்காது என்று நினைத்திருந்தேன். மாமா மறுத்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அக்காவின் மூத்த பெண் குழந்தை இதே நோயில் போய்விட்டது. அந்தச் சாவிலிருந்து நான் கற்றுக்கொண்டது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்பது. மாமா கற்றுக்கொண்டது வேறு. அன்றைக்கே முருகனுக்கு நேர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பையனுக்கு உடம்பு சரியில்லாமல் போன மறுநாளே மாலை போட்டுக்கொண்டார். பங்குனி உத்திரத்துக்குக் காவடி. அதுவரை ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் அன்றன்று சமைத்தது. மீன், கறி கிடையாது. விடிந்ததும் தலைக்குக் குளித்து, துவைத்த மஞ்சள் வேட்டி கட்டி, கும்பிட்ட பிறகுதான் வாயில் பல்லுக்குச்சி தவிர வேறு எதுவும் படும்.

"நீ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போ, மாப்ள, நான் வேணாங்கல," என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். "ஆனா என் விரதத்துல மட்டும் நீ தலையிடாத. ஒன் வேலைய நீ பாரு, என் வேலைய நான் பாக்குறேன்."

அக்கா இரண்டுக்கும் தலையாட்டினாள்.

படகில் ஏறுகிறவர்கள் அவரவர் தண்ணீரை அவரவரே கொண்டுவர வேண்டும் என்பது இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். நான் ஒரு மண்ணெண்ணெய் டின்னை மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அதில் நிறைத்து, துணியால் வாயைக் கட்டி, ஓலைக் கூரைக்குப் பின்னால் நிழலில் வைத்திருந்தேன். குழந்தைக்கு மட்டுமில்லை, எங்கள் மூவருக்கும் சோறாக்கவும் குடிக்கவும் அதுதான். அடுத்த நாள் இரவுக்குள் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்பது கணக்கு.

மணல்திட்டைத் தாண்டியதும் படகு ஆடத் தொடங்கியது. கரையிலிருந்து வீசிய காற்றில் பாய் புடைத்தது. எனக்குத் தலை சுற்றிக் குமட்டிக்கொண்டு வந்தது. ஒரு பிரம்புக் கட்டின் மேல் கவிழ்ந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டேன். கருவாட்டு வாடை மூக்கை விட்டுப் போகவில்லை. கிழக்கு வெளுத்தபோது பின்னால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. செம்பால் மொண்டு மொண்டு ஊற்றுகிற சத்தம். படகுக்குள் வந்த கடல்நீரை யாரோ இறைத்து வெளியே கொட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மாமாவின் குரல், அவர் தினமும் சொல்கிற அந்த முருகன் பெயர்கள். ஊதுவத்தி மணம் வந்தது. கருவாட்டு வாடைக்கு நடுவில் அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

வெயில் ஏறி முதுகைச் சுட்டபோது எழுந்து உட்கார்ந்தேன். படகு ஆடவில்லை. அதுதான் முதலில் தெரிந்தது. பாய் பாய்மரத்தில் ஒட்டித் தொங்கியது. கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் வழவழவென்று கிடந்தது. வலப்பக்கம் வெகு தூரத்தில் கரை ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தது. முன்னால், சற்று வலது பக்கமாக, ஒரு தீவு. படகுக்காரரின் தம்பி பாய்மரத்தடியில் உட்கார்ந்து மெதுவாகச் சீட்டி அடித்துக்கொண்டிருந்தார். பாட்டில்லை, ஒரே சுருதியில் நீட்டி நீட்டி அடித்தார். காற்றைக் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

"பீடைச் சத்தம்," என்று மாமா முணுமுணுத்தார். கழுவிய உடம்பும் நெற்றி நிறையத் திருநீறுமாக அவர் உட்கார்ந்திருந்தார். அவர் அலசிப் போட்ட வேட்டி கூரைமேல் காய்ந்துகொண்டிருந்தது.

அக்கா கூரைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். "தம்பி, அந்தத் தண்ணியில கொஞ்சம் எடுத்தா. இவனுக்கு ஒதடு காயுது."

நான் பின்னால் போய் டின்னின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். கனமாக இருக்கும் என்று தூக்கிய வேகத்தில் பின்னால் விழப் பார்த்தேன். அவ்வளவு இலேசாக இருந்தது. துணியை அவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு மடக்கு. அதிலும் விபூதி கலந்து சாம்பல் நிறமாக இருந்தது.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"மாமா, டின்னுல இருந்த தண்ணி எங்க?"

"குளிச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"தலைக்கு ஊத்துனா முழுசா ஊத்தணும். வேட்டிய அலசணும். அரைகொறையா செஞ்சிட்டுச் சாமி முன்னால நிக்க முடியுமா?" என்று கொஞ்சம் எரிச்சலாகச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஏன், வழியில புடிச்சிக்கலாம்ல?"

"எந்த வழியில மாமா? சுத்திப் பாருங்க."

அவர் சுற்றிப் பார்த்தார். அப்போதுதான் உண்மையாகவே பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"நான் சின்ன வயசுல ஊர்லேர்ந்து கப்பல்ல வந்தப்ப மேல்தட்டுல பைப்பு இருந்திச்சி," என்றார். "திருகினா தண்ணி கொட்டும். அத்தினி ஜனமும் அதுலதான் குளிச்சிச்சி, தொவைச்சிச்சி. தண்ணி இல்லன்னு ஒருத்தனும் சொல்லல. கடல்ல போற வண்டியில தண்ணி இல்லாம இருக்குமுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அக்கா கூரைக்குள்ளிருந்து குனிந்து வெளியே வந்தாள். குழந்தை அவள் தோளில் துணிபோல் துவண்டு கிடந்தது.

"கடல்தண்ணிய மொண்டு ஊத்திக்கிட்டா என்னவாம்?" என்றாள்.

"இன்னைக்கு என்ன அமாவாசையா? கண்ட நாள்ல கடலத் தொடக் கூடாது. ஒனக்கே தெரியும்."

அவளுக்கும் அது தெரியும். எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அவள் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றினாள். அவளிடம் அந்த நேரத்தில் கோபம்கூட இல்லை, அதற்கெல்லாம் தெம்பு மிச்சம் இல்லை என்பது போலிருந்தாள்.

"காச்சி ஆறவச்சித் துணி கட்டி வச்சிருந்தேன்," என்றேன். "புள்ளைக்குன்னு சொல்லித்தானே வச்சேன்."

"எனக்கா குளிச்சேன்? நானும் புள்ளைக்குத்தான் குளிச்சேன்," என்றார் மாமா.

எங்கள் குரல் உயர்ந்ததைக் கேட்டுப் படகுக்காரர் சுக்கானைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தார். அவர் மலாயில் பேசியதைத் தமிழிலேயே எழுதுகிறேன். டின்னைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஹபிஸ்?" என்றார். தீர்ந்துவிட்டதா என்று அர்த்தம்.

"ஹபிஸ்," என்றேன்.

"காலையில என் தம்பி பாத்தான். ஒங்க தண்ணி, ஒங்க சாமி விசயம், நாம ஏன் கேக்கணும்னு இருந்துட்டான்." மாமாவின் நெற்றியையும் கூரைமேல் காய்கிற வேட்டியையும் பார்த்தார். "ராஜா வீட்டு ஆளுங்ககூட கடல்ல நல்ல தண்ணியில குளிக்க மாட்டாங்க, தம்பி."

மாமாவுக்கு மலாய் அவ்வளவாக வராது. ஆனால் அது கேலி என்பது புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

படகுக்காரர் தம் மண்சாடியின் மூடியைத் திறந்து காட்டினார். இரண்டு ஆட்களுக்கு வைத்த தண்ணீர், சாடியில் பாதிகூட இல்லை. ஒரு சிரட்டையில் மொண்டு அக்காவிடம் நீட்டினார். "புள்ளைக்கு மட்டும். பெரியவங்க இதைத் தொடக் கூடாது. நானும் தொட மாட்டேன்." அதைக் காய்ச்ச வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா அதற்குள் சிரட்டையைக் குழந்தையின் உதட்டில் வைத்துவிட்டாள். குழந்தை குடித்தது. சற்று நேரத்தில் குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது. மறுபடியும் கொடுத்தாள். இந்தத் தடவை கீழ்வழியே போனது.

வெயில் ஏறியது. குழந்தை அழவில்லை. அழுதால் தேவலை என்று இருந்தது. கண்கள் உள்ளே போய்விட்டன, இமை முழுதாக மூடவில்லை. அக்கா அதன் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய இடம் மடிப்பாகவே நின்றது. மூத்தவளுக்கும் அப்படித்தான் நின்றது என்று எனக்கு ஞாபகம் வந்தது. அக்காவுக்கும் வந்திருக்க வேண்டும், சட்டென்று துணியால் மூடிவிட்டாள்.

படகுக்காரர் எச்சிலைக் கடலில் துப்பி அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கேளு, தம்பி. காத்து ராத்திரிக்கு வரலாம், வராமலும் போகலாம். கரை ரொம்ப தூரம், போனாலும் அங்க சதுப்பு, உப்புத் தண்ணி. அந்தத் தீவுல நாலு வீடு இருக்கு, கெணறு இருக்கு. ஆனா நீரோட்டம் நம்மள வெளிய இழுக்குது. பொழுது சாயறதுக்குள்ள துடுப்புப் போட்டுப் போய்ச் சேரணும். தாண்டிட்டோம்னா திரும்ப வர முடியாது."

"ஆஸ்பத்திரி?"

"தீவுக்குப் போனா ஒரு நாள் பின்னால போகும்." குழந்தையின் பக்கம் பார்த்துவிட்டு, "இந்தச் சாடி நாளைக்கு வரைக்கும் வராது," என்றார்.

நான் அக்காவிடம் சொன்னேன். அவள் யோசிக்கவேயில்லை. "தண்ணி இருக்கற பக்கம் போகச் சொல்லு."

படகில் இரண்டு நீளத் துடுப்புகள் இருந்தன. நின்றுகொண்டு போட வேண்டியவை. ஒன்றைப் படகுக்காரரின் தம்பி எடுத்தார். மற்றதை எடுக்க நான் எழுந்தேன். மாமா என்னைத் தள்ளிவிட்டு அதைப் பிடித்தார்.

"ஒனக்குப் பேனாதான் புடிக்கத் தெரியும். விடு."

அவர் தோட்டத்தில் மரம் வெட்டுகிற கும்பலில் இருந்தவர். தோளும் கையும் அதற்கேற்ப இருக்கும். முதலில் தண்ணீரை அடித்தார், படகு கோணலாகத் திரும்பியது. படகுக்காரரின் தம்பி சீட்டியை நிறுத்திவிட்டு, தம் துடுப்பைக் காட்டி, இப்படி, ஆழமாக, மெதுவாக என்று செய்து காட்டினார். மாமா பிடித்துக்கொண்டார். இரண்டு துடுப்பும் ஒன்றாக விழத் தொடங்கியதும் படகு நகர்ந்தது. தீவின் மரங்கள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தபோது எனக்கு நம்பிக்கை வந்தது.

மாமா முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டவர். அன்றைய ஒரு வேளைச் சோற்றை அக்கா ஆக்கவில்லை. அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, உலை வைக்கத் தண்ணீர் இல்லை. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீரும் குடிக்கவில்லை. சாடியிலிருந்து ஒரு மடக்கு குடியுங்கள் என்று ஒரு தடவை நானே சிரட்டையை நீட்டினேன். பெரியவர்கள் தொடக் கூடாது என்று சொன்ன படகுக்காரரும் தடுக்கவில்லை.

"அது புள்ள தண்ணி," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெயில் உச்சியைத் தாண்டிச் சாய்ந்த நேரத்தில் அவருடைய துடுப்பு ஒரு தடவை தண்ணீரில் படாமலே போனது. அடுத்ததற்கு அவர் முழங்கால் மடங்கி அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கை இரண்டும் உரிந்து துடுப்பில் இரத்தம் ஒட்டியிருந்தது. நான் துடுப்பைப் பிடித்தேன். என் பலம் எதிர்ப்பக்கத்துக்கு ஈடாகவில்லை. படகு என் பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. படகுக்காரர் சுக்கானால் எவ்வளவு திருப்பினாலும் தீவு நேர் முன்னாலிருந்து மெல்ல வலது பக்கம் விலகியது. நாங்கள் அதைத் தாண்டிக்கொண்டிருந்தோம்.

"அலமாக்," என்று படகுக்காரர் மெதுவாகச் சொன்னார். அவர் வாயிலிருந்து கவலைச் சொல் ஒன்று வந்தது அப்போதுதான். "தம்பி, அந்த ஆளச் சாப்பிடச் சொல்லு. குடிக்கச் சொல்லு. நான் சுக்கான விட முடியாது. அவர் எந்திரிக்கலன்னா இன்னைக்கு அந்தத் தீவு நமக்கு இல்ல."

படகில் வெந்த சோறு ஒன்றுதான் இருந்தது. அண்ணனும் தம்பியும் விடியற்காலையில் ஆக்கி வைத்தது, கருவாட்டைச் சோற்றோடு சேர்த்தே வேகவைத்த பானை. படகுக்காரர் காலால் அதை எங்கள் பக்கம் தள்ளினார். குடிக்க என்று தாமே ஒரு சிரட்டைத் தண்ணீரும் மொண்டு வைத்தார்.

நான் துடுப்பை விடாமலே மாமாவிடம் சொன்னேன். அவர் பானையைப் பார்த்தார். கழுத்து மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"சாமி குத்தம் ஆயிரும்," என்றார். அது எனக்குச் சொன்னதல்ல. அக்காவைப் பார்த்துச் சொன்னார். "இவனுக்காகப் போட்ட மாலை இது. இவன இப்படி வச்சிக்கிட்டு நான் இதைத் தின்னா... நீ சொல்லு. நீ என்ன சொல்றியோ அதைச் செய்றேன்."

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் அக்கா.

"ஏன்?"

"நாளைக்கு ஏதாச்சும் ஆச்சின்னா, நீ சொல்லித்தானே தின்னேன்னு காலம்பூரா சொல்லுவீங்க. சாப்பிடாம இருந்து ஏதாச்சும் ஆச்சின்னாலும் நீ சொல்லித்தானேன்னுவீங்க. மாலை போட்டப்ப என்னைக் கேட்டா போட்டீங்க?"

அப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை. ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் படித்தது எதுவும் அந்த இடத்தில் சொல்வதற்கு உதவாது என்று பட்டது. சாமி மன்னிக்கும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஏனென்றால் அந்த விரதத்தை நான் நம்பவில்லை என்பது அவருக்குத் தெரியும். துடுப்பை மட்டும் போட்டேன். படகு இன்னொரு சுற்றுத் திரும்பியது.

மாமா குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வாயை ஒரு தடவை திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

அவர் மாலையைத் தலைவழியாகக் கழற்றினார். உரிந்த கையில் இரத்தம் இருந்ததால் மாலையைத் தொட யோசித்து, மணிக்கட்டுகளால் பிடித்துத்தான் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். கருவாட்டுக் கூடை வேண்டாம், பலகை வேண்டாம். கடைசியில் அக்கா முந்தானையை விரித்தாள். அதில் போட்டார். அவள் அதை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பிறகு பானைக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கை நிறைய அள்ளி விழுங்கினார். மென்றது மாதிரியே தெரியவில்லை. இடையில் ஒரு தடவை ஓங்கரித்தது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே அனுப்பினார். படகுக்காரர் அந்த நேரம் முழுக்க முகத்தைத் திருப்பிக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தம்பியும் பார்க்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு மாமா எழுந்து வந்தார்.

"தள்ளு, மாப்ள."

நான் கந்தல் துணியைக் கிழித்து அவர் கையில் சுற்றிவிட்டேன். துடுப்புகள் விழுகிற சத்தமும் அவர் மூச்சும் மட்டும்தான். பக்கவாட்டில் விலகிப்போன தீவை நோக்கிப் படகின் மூக்கு மெல்லத் திரும்பி வந்தது. ஒரு கட்டத்தில் நாங்கள் நகர்கிறோமா நின்ற இடத்திலேயே இருக்கிறோமா என்று தெரியவில்லை. படகுக்காரர் தீவின் ஒரு பாறையையும் அதற்குப் பின்னால் ஒரு தென்னையையும் கண்ணால் ஒரே நேரில் வைத்துப் பார்த்தபடி இருந்தார். எனக்குக் கேட்கத் துணிவில்லை. வெகு நேரம் கழித்து அவராகவே, "தென்னை நகருது, நாம முன்னால போறோம்," என்றார். "போடச் சொல்லு. நிறுத்த வேணாம்னு சொல்லு."

சூரியன் கரைப்பக்கம் மலைகளில் இறங்கியபோது தண்ணீரின் நிறம் மாறியது. அடியில் மணல் தெரிந்தது. படகுக்காரர் வாயில் கையைக் குவித்துக் கூவினார். கரையிலிருந்த ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண்ணும் ஓர் ஆளும் வெளியே வந்தார்கள். படகு தரை தட்டும் வரை மாமா பொறுக்கவில்லை. துடுப்பைப் போட்டுவிட்டு இடுப்பளவு கடலில் குதித்து, குழந்தையை அக்காவின் கையிலிருந்து வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கரைக்கு நடந்தார். உடம்பு தள்ளாடியது, கை தள்ளாடவில்லை.

நான் பின்னால் ஓடி அந்தப் பெண்ணிடம் தண்ணீர் வேண்டும் என்றேன். காய்ச்சின தண்ணீர் என்றேன். அவள் குழந்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றிலிருந்து கஞ்சியை வடித்து, உப்புப் போட்டு ஆற்றிக்கொண்டு வந்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கரண்டி கரண்டியாக, விட்டு விட்டுக் கொடுக்கச் சொன்னாள். முதல் கரண்டி வெளியே வந்துவிட்டது. இரண்டாவதும் வந்தது. அக்கா கையை நிறுத்தவில்லை. அடுத்தது தங்கியது. அதற்கடுத்ததும் தங்கியது. ஒரு கிண்ணம் முடிந்து இன்னொரு கிண்ணம் வந்தது.

அந்த வீட்டுப் படிக்கட்டின் கீழ்ப்படியில் மாமா உட்கார்ந்திருந்தார். அக்காவின் கை ஓய்ந்துபோனதும் குழந்தையை அவர் மடியில் வைத்துக்கொண்டார். அப்போது பேசினார்.

"வெரதம் போச்சி."

அக்கா இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். "இங்கதான் இருக்கு மாலை. அப்புறம் பாக்கலாம்."

"நான் கருவாடு தின்னுட்டேன்."

"நானும் பாத்தேன். விடுங்க."

அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நிறுத்தினார். குனிந்து மடியைப் பார்த்தார். ஈரம் பரவிக்கொண்டிருந்தது. கடல்நீர் காய்ந்து வெளுத்திருந்த வேட்டியில் அது நன்றாகத் தெரிந்தது. வயிற்றுப்போக்கு இல்லை. குழந்தை ஒண்ணுக்குப் போயிருந்தது.

அக்கா எட்டிப் பார்த்தாள். மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "காலையிலேர்ந்து ஒரு சொட்டு போகல," என்றாள். "மூத்தவளுக்கும் இப்படித்தான் நின்னு போச்சி." பகல் முழுக்க அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. மடியில் துணியை மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தபடி தனக்குள்ளேயே வைத்திருந்தாள். இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

படகுக்காரரும் அவர் தம்பியும் படகை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா அவர்களைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, காத்து எப்ப வருமாம்னு அந்தப் பெரியவர்கிட்ட கேளு. ராத்திரியே வந்தாலும் கெளம்பிருவோம்னு சொல்லு. ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் பிந்திருச்சி. அந்த டின்ன நல்லா கழுவி இங்கேயே காச்சி ரொப்பிக்க."

"சரி மாமா."

"எந்திரிங்க," என்றாள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நனைஞ்சிட்டீங்க. காஞ்ச வேட்டி ஒண்ணு இருக்கு, கட்டிக்கங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. சுற்றியிருந்த கந்தலோடு இரண்டு கைகளையும் குழந்தைக்கு அணையாக வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இருக்கட்டும்," என்றார். "தூங்குறான். எழுப்பாத."